புகார் எழுதும் முன்னரே செல்ல வேண்டிய இடம்: நீலகிரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி

வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் தவறை வெளியே சொல்லத் துணிந்தவர்களுக்கு நீலகிரியில் என்ன துணை கிடைக்கும் என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கோத்தகிரி வட்டாரத்தில் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண், தேயிலைத் தூளில் கழிவுத் தேயிலை கலக்கப்படுவதாகப் புகார் கொடுத்து, அதன்பின் வேலையை இழந்தார். அவருக்குத் துணையாக உதகை நீதிமன்ற வளாகத்தில் இயங்கும், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் சென்று வந்த அனுபவமே இதற்கு அடிப்படை.

முதலில் கட்டணம் பற்றி. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12-இன்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் தரப்படுவார். வழக்கறிஞருக்கான ஊதியத்தை ஆணைக்குழுவே கொடுத்துவிடுவதால், மனுதாரர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைப்பவர்களில் மிகப் பலர் இந்த வரையறைக்குள் வந்துவிடுவார்கள் என்பது மலையில் போதுமான அளவு தெரியவில்லை என்பதே என் வருத்தம்.

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் கதை முழுவதையும் கேட்பதற்கு முன்னரே, "அம்மா, எந்தக் காகிதத்திலாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். ராஜினாமாக் கடிதத்தை நிர்வாகம் எழுதி வாங்கிவிட்டால், பணிநீக்கம் நடந்தது என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியதாகிவிடும் என்பது அந்தக் கேள்வியின் உட்பொருள். அடுத்து, பதவியின் பெயர் என்ன என்று விட்டுவிடாமல், காலையிலிருந்து மாலை வரை என்ன வேலை செய்தீர்கள் என்று விரிவாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி தொழிலாளர் ஆகமாட்டார், அதனால் தொழிலாளருக்கான பாதுகாப்பைக் கேட்க முடியாது; எழுத்தர் வேலை செய்பவரோ தொழிலாளர்தான். சூபர்வைசர் என்று அடையாள அட்டையில் அச்சிட்டுவிட்டுக் கணக்கு எழுதவைக்கும் இடங்கள் இங்கு இருக்கின்றன என்பதால், அந்தக் கேள்வியின் அருமை எனக்கு உடனே விளங்கியது.

அவர் எந்தப் பொய்யான நம்பிக்கையும் தரவில்லை என்பதை இந்தச் சேவையின் பெரிய பலமாகக் கருதுகிறேன். முறைகேட்டை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-ஆம் ஆண்டு மே 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றும், நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளியாகாமல் ஏட்டிலேயே கிடக்கிறது. நடைமுறைக்கு வந்தாலும் அது பொது ஊழியர்களின் முறைகேடுகளைப் பற்றிய புகார்களுக்கே பொருந்தும். நெடுஞ்சாலைப் பணியின் ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டும் அது காக்கப்படாமல், 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் 2004-இல் மத்திய அரசு கொண்டுவந்த தீர்மானத்தின்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் புகார்தாரரின் பெயரை மறைத்து வைக்கிறது என்றாலும், அதுவும் மத்திய அரசையும் அதன் நிறுவனங்களையும் சார்ந்த புகார்களுக்கானது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 177, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறும் நிறுவனங்களும், 50 கோடி ரூபாய்க்கு மேல் வங்கிக் கடன் பெற்ற நிறுவனங்களும் புகார் செய்வோரைக் காக்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது. கூட்டாண்மையாக நடக்கும் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலை இதில் எந்த வலையிலும் சிக்காது.

ஆகவே எஞ்சியிருப்பது தொழிலாளர் சட்டம் மட்டுமே. பழிவாங்கும் நோக்கில் பணிநீக்கம் செய்வது நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டமும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள, மேலே சொன்ன தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் ஒன்றுபோலச் சொல்கின்றன. ஆனால் பழிவாங்கல் என்று நிலைநாட்ட, புகார் கொடுத்தவர் இவர்தான் என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது என்றும், தெரிந்த பிறகே நடவடிக்கை வந்தது என்றும் காட்ட வேண்டும். பெயரை மறைத்துப் புகார் கொடுத்தால் அந்த இணைப்பைக் காட்டுவது கடினம். பெயரோடு கொடுத்தாலோ அன்று முதலே அச்சத்தோடு வேலைக்குப் போக வேண்டும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் புகார் எழுதும் முன்னரே ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். நாங்கள் போனது வேலை போன பிறகு. நல்லவேளையாக, உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அந்தப் பெண் பதிவுத் தபாலில் அனுப்பியதற்கான ரசீதும், நிர்வாகத்துக்குக் கொடுத்த கடிதத்தின் கையொப்பமிட்ட நகலும் அவரிடம் இருந்தன. வழக்கறிஞர் அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, தொழிலாளர் துறையின் சமரச அலுவலருக்கான மனுவை எளிய தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, அவர் சொன்ன திருத்தங்களைச் செய்த பிறகே கையொப்பம் வாங்கினார். தொழிற்சாலையின் பேரேட்டை எடுத்து வந்துவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டபோது, திருட்டுப் புகாருக்கு வழி செய்துவிடாதீர்கள், எந்தப் பதிவேட்டில் எந்தத் தேதியில் என்ன இருக்கிறது என்று குறித்துத் தந்தால் போதும், அதை வரவழைக்கக் கேட்கலாம் என்று தடுத்தார்.

குறை என்றால், இந்தச் சேவை அலுவலக நேரத்தில்தான் கிடைக்கிறது. நாள்கூலிக்காரர் வர வேண்டுமானால் அன்றைய கூலியை இழக்க நேரும். சமரசம் முறிந்து வழக்கு மேலே சென்றால் கோயம்புத்தூருக்கு மலையிறங்க வேண்டும் என்ற சுமையையும் இலவச வழக்கறிஞரால் குறைக்க முடியாது. எங்கள் மனு இப்போது சமரசப் பேச்சில் இருக்கிறது. முடிவு எதுவானாலும், கிடைத்த உதவியின் தரத்தைப் பற்றிய என் கருத்து மாறாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் உதகை வரை வரத் தேவையில்லை. வட்ட அளவிலான நீதிமன்றங்களில் வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் வழி கேட்கலாம். போகும்போது ஆதார் அட்டை, சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிப் பதிவு, புகாரின் நகல், தபால் ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நிர்வாகம் வாட்ஸ்அப்பில் ஏதேனும் அனுப்பியிருந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள்.