ஆர்ட்டிக்ஸ்-7 பிட்ஸ்ட்ரீம் பூட்டு: தறிப்பட்டறையில் சில வருட அனுபவம்

சேலம் இளம்பிள்ளைப் பக்கத்து விசைத்தறிகளுக்கு எலெக்ட்ரானிக் ஜக்கார்டு (டிசைன் நெய்ய நூல்களைத் தூக்கும் இயந்திரம்) கன்ட்ரோலர் போர்டு செய்து கொடுக்கிறோம். சேலை டிசைனைப் படித்து எந்தக் கொக்கி எழ வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை முழுவதும் ஆர்ட்டிக்ஸ்-7 எஃப்பிஜிஏவுக்குள், அதாவது உள் சர்க்யூட்டை நாமே வகுத்துக்கொள்ளும் சிப்புக்குள், நடக்கிறது. இந்தச் சிப்புக்குக் கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். திரும்ப வந்ததும் பக்கத்திலுள்ள எஸ்பிஐ ஃப்ளாஷ் என்ற நினைவகச் சிப்பிலிருந்து பிட்ஸ்ட்ரீமை, அதாவது அந்தச் சர்க்யூட் வகுப்பு அடங்கிய கோப்பை, ஏற்றிக்கொள்ளும். அந்த எட்டுக்கால் ஃப்ளாஷைப் படிக்கும் கருவி சல்லிசாகக் கிடைக்கிறது. படித்ததை இன்னொரு போர்டில் ஏற்றினால் நம் உழைப்பு அப்படியே அடுத்தவன் கையில். சர்க்யூட்டை எழுதும் மொழியான வெரிலாக் ஒரு வரிகூட அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அதனால் பிட்ஸ்ட்ரீமுக்கு ஏஇஎஸ்-256 என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாத பூட்டு) போட்டே அனுப்புகிறோம். சாவியை வைக்க இரண்டு இடம்: பேட்டரி காக்கும் ரேம், அல்லது ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய இஃப்யூஸ். புத்தகப்படி பேட்டரி ரேம்தான் உசத்தி. வேண்டும்போது அழிக்கலாம், மாற்றலாம். ஆனால் அந்த ரேமுக்குப் பேட்டரி இணைக்கும் சிப்பின் காலுக்கு 1.89 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. கடையில் கிடைக்கும் 3 வோல்ட் பட்டன் செல்லை நேரடியாக மாட்ட முடியாது. தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி, அதிர்வு, சித்திரை வெயில் வேறு. கரண்ட் இல்லாத நேரத்தில் செல் ஒருமுறை கழன்றாலும் சாவி போயிற்று, தறி நின்றது, முதலாளி போனில் வந்துவிடுவார். இந்த ஊருக்கு இஃப்யூஸ்தான். எழுதியதை மாற்ற முடியாது என்பதால், சாவிக் கோப்பின் நகலை நெட் இல்லாத இரண்டு இடத்தில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

2020இல் ஸ்டார்பிளீட் என்ற தாக்குதல் வழி வெளிவந்தபோது கொஞ்சம் ஆடித்தான் போனோம். பிட்ஸ்ட்ரீமில் சில பிட்டுகளைத் திரித்து, சிப்பையே வைத்து அதன் ரகசியத்தை அவிழ்க்க முடியும் என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாவியைக் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. கலப்படத்தைப் பிடிக்க வேண்டிய ஹெச்மேக் சோதனையின் சாவியும் அதே பிட்ஸ்ட்ரீமுக்குள் இருப்பதால், உள்ளே புகுந்தவனுக்கு அதுவும் கிடைத்துவிடும். ஓட்டை சிலிக்கானிலேயே இருக்கிறது; அப்டேட் போட்டு அடைக்க முடியாது. அடுத்த தலைமுறை அல்ட்ராஸ்கேல் சிப்பில் இந்த வழி செல்லாது, ஆனால் நம் போர்டு விலைக்கு அது கட்டாது.

ஒவ்வொரு சிப்புக்கும் 57 பிட் டிஎன்ஏ என்ற அடையாள எண் உண்டே, அதைச் சரிபார்த்தால் போதாதா என்று தம்பிகள் கேட்கிறார்கள். என்கிரிப்ஷன் இல்லாமல் அது மட்டும் இருந்தால், அந்தச் சோதனையையே பிட்ஸ்ட்ரீமில் திருத்தி எடுத்துவிடலாம். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் பிரயோஜனம்.

ஸ்டார்பிளீடுக்கு ஜேடேக் (சிப்பைச் சோதிக்கும் இணைப்பு) மாதிரி ஒரு வழியில் போர்டைத் தொட வேண்டும், விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். நம் சந்தையில் காப்பி அடிப்பவர்கள் ஃப்ளாஷைக் கழற்றிப் படிப்பவர்கள்தான். அவர்களுக்கு இந்தப் பூட்டு தாராளம். இதுவரை நகல் போர்டு ஒன்றும் கண்ணில் படவில்லை. பெரிய கம்பெனியோடு மோதுகிற டிசைன் வைத்திருந்தால் இந்தக் குடும்பத்துச் சிப் வேண்டாம்.