சேசனா, ஹம்பிளா, ஹ்யூமிலியேட்டா: எந்த அடிக்கு எந்தச் சொல்?

செருக்கு அடிபடுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் நம்மில் பலர் முதலில் கைக்கு வரும் 'ஹ்யூமிலியேட்'டையே எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறோம். பல இடங்களில் அங்கே உட்கார வேண்டிய சொல் 'சேசன்'. எழுத்துக்கூட்டினால் சி-எச்-ஏ-எஸ்-டி-இ-என், 'லிசன்' என்ற சொல்லில் 'டி' ஒலிக்காதது போலவே இதிலும் ஒலிக்காது.

ஒரே நிகழ்வில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். தன் திறமையில் அசைக்க முடியாத நம்பிக்கை கொண்ட இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர், மூத்தவர்களின் எச்சரிக்கையைத் தட்டிக் கழித்துவிட்டு, சோதித்துப் பார்க்காமலே புதிய பதிப்பை வெளியிடுகிறார். இரவு முழுக்கச் சேவை முடங்குகிறது. மறுவாரம் அவரே மூத்தவரிடம் போய், "நான் எழுதியதை ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்கிறார். இது 'சேசன்'. மேலாளர் அவரைக் கூப்பிட்டுக் கடுமையாகக் கண்டித்தார் என்றால் அது 'சேஸ்டைஸ்'. இதில் 'டி' ஒலிக்கும். எல்லோர் முன்னிலையிலும், "உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?" என்று கேட்டுக் கூனிக்குறுக வைத்தார் என்றால் 'ஹ்யூமிலியேட்'. இவை எதுவும் இல்லாமல், தான் இரவெல்லாம் போராடிய சிக்கலை மூத்தவர் சில வரிகளில் தீர்த்ததைக் கண்டு, கற்க வேண்டியது எவ்வளவு இருக்கிறது என்று உணர்ந்தார் என்றால் 'ஹம்பிள்'.

ஆக, 'சேசன்' வர வேண்டுமானால் முன்னால் ஒரு மிதப்பு இருக்க வேண்டும், பின்னால் ஒரு மாற்றமும் இருக்க வேண்டும். தமிழில் இதற்கு மிக நெருங்கி வருவது 'பட்டுத் திருந்துதல்' என்பேன். 'கொட்டம் அடங்கியது' என்று பெயர்ப்பவர்களும் உண்டு; அதில் பார்ப்பவரின் குதூகலம் கலந்துவிடுகிறது. ஆங்கிலச் சொல்லில் அந்தக் குதூகலம் கிடையாது. அதன் வேர் 'தூய' என்று பொருள்படும் லத்தீன் 'காஸ்டுஸ்'. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் கடவுள் தாம் நேசிக்கிறவரைத் திருத்துவதற்கு இதே வினைதான் வருகிறது. தமிழ் விவிலியம் அங்கே 'சிட்சித்து' என்கிறது.

'ஹ்யூமிலியேட்' இதற்கு நேர் எதிரான திசையில் நிற்கிறது. தவறே செய்யாதவரையும் அவமானப்படுத்தலாம். அவர் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மானம் போனது என்பதே செய்தி. 2014 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில், சொந்த மண்ணில், முதல் 29 நிமிடங்களுக்குள் ஐந்து கோல்கள் வாங்கி, 7-1 என்று ஜெர்மனியிடம் பிரேசில் தோற்றதே, அதற்கு 'சேசன்' போட்டால் சப்பென்று இருக்கும். அந்தத் தோல்விக்குப் பிறகு ஆட்டமுறையையே மாற்றிக்கொண்ட பயிற்சியாளர் ஒருவரைப் பற்றி எழுதினால் மட்டும் 'சேசன்' பொருந்தும்.

'ஹம்பிள்', 'ஹ்யூமிலியேட்' இரண்டும் மண்ணைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. ஆனாலும் முன்னது மென்மையானது. விருது வாங்குகிறவர்கள் 'ஐ ஆம் ஹம்பிள்ட்' என்று மேடையில் சொல்வது இன்று சாதாரணம். அந்த இடத்தில் 'சேசன்ட்' என்றால், விருது கொடுத்தவர்கள் ஏதோ தண்டனை கொடுத்தது போல ஆகிவிடும்.

இலக்கணத்தில் ஒன்றைக் கவனித்தால் போதும். இன்றைய வழக்கில் 'சேசன்' பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வருகிறது. செய்பவர் ஒரு மனிதராக இருப்பது அரிது, ஒரு தோல்வியோ அனுபவமோதான் செய்கிறது. 'ஹி வாஸ் சேசன்ட் பை த டிஃபீட்' இயல்பானது. 'த மேனேஜர் சேசன்ட் ஹிம்' என்பதில் பழைய வாடை அடிக்கும். அங்கே 'சேஸ்டைஸ்ட்' என்றே எழுதலாம். பெயரடையாக 'எ சேசனிங் எக்ஸ்பீரியன்ஸ்', 'சூட்டபிளி சேசன்ட்' இரண்டும் தயங்காமல் கையாளத்தக்க தொடர்கள்.

இந்தத் தேர்வு மிகவும் முக்கியமாகும் இடம் மன்னிப்புக் கடிதம். நம் தவறை ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு 'ஐ ஃபெல்ட் சேசன்ட்' என்று எழுதினால், தவறு என்னுடையது, திருத்திக்கொள்கிறேன் என்று படிப்பவருக்குப் புரியும். அதே இடத்தில் 'ஐ ஃபெல்ட் ஹ்யூமிலியேட்டட்' என்று எழுதினால், நீங்கள் என்னை அவமானப்படுத்தினீர்கள் என்ற குற்றச்சாட்டு அவர் கைக்குப் போய்ச் சேரும்.