குர்ஆன் பேனா: சின்னச் சூரா மனனம் செய்ய எவ்வளவு உதவுகிறது?

பிள்ளைக்கு அம்ம ஜுஸ்விலிருந்து (குர்ஆனின் கடைசிப் பகுதி) ஒரு சின்னச் சூராவை, அதாவது அத்தியாயத்தை, மனனம் செய்ய வைக்க இந்தப் பேனாவை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம், ஆனால் ஓதக் கற்றுத்தரும் உஸ்தாதுக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள் என்பதுதான் என் பதில். பேனா அழகாக ஓதிக் காட்டும். பிள்ளை ஓதுவதை அது கேட்காது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பேனாவுக்கென்று அச்சிட்ட குர்ஆனின் பக்கங்களில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுண்ணிய புள்ளிகள் அச்சிடப்பட்டிருக்கும். பேனா முனையில் உள்ள சிறிய கேமரா அந்தப் புள்ளிகளைப் படித்து அந்த ஆயத்தின் (வசனத்தின்) ஒலியை எடுத்து ஓதும். ஆயத்தைத் தொட்டால் ஆயத், சூரா பெயரைத் தொட்டால் முழுச் சூரா. எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட தானாகத் தொட்டுக் கேட்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது. கைபேசியைக் கொடுத்தால் அடுத்த நொடி வேறு எதையாவது திறந்துவிடும், இதில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் மகள் கவ்ஸர், ஃபீல், காஃபிரூன் என்ற மூன்று சின்னச் சூராக்களையும் இதை வைத்துப் பழகினாள், அதைப் பார்த்ததிலிருந்துதான் எழுதுகிறேன்.

வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஓதுபவரின் குரல். பட்டியலில் நிறைய காரிகள் (குர்ஆன் ஓதுபவர்கள்) இருப்பார்கள், வேகமாக ஓதுபவர்கள் குழந்தைக்கு ஆக மாட்டார்கள். எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி இருக்கிறாரா பாருங்கள். முழுக் குர்ஆனையும் தர்தீலாக, அதாவது நிறுத்தி நிதானமாக, முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தவர் அவர்தான், 1960களின் தொடக்கத்தில். நிதானம், ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் காதில் விழும், "இன்னா அஃதைனா"வில் நூன் எழுத்தை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பது விளக்கம் சொல்லாமலே பிள்ளைக்குப் பிடிபடுகிறது. இன்னொரு எகிப்திய காரி மின்ஷாவி ஓத, பின்னாலேயே பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்லும் முஅல்லிம் (கற்பிக்கும்) பதிவும் எங்கள் பேனாவில் இருந்தது. அதைப் போட்டால் போதும், யாரும் சொல்லாமலே மகளும் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓத ஆரம்பித்துவிடுவாள். கேட்க ஹுஸரி, கூடச் சேர்ந்து ஓத மின்ஷாவி, இதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது.

அடுத்தது சொல் சொல்லாகத் தொட்டுக் கேட்கும் வசதி. விளம்பரத்தில் இதைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள், மனனத்துக்கு எனக்கு இது பிடிக்கவே இல்லை. கவ்ஸரின் கடைசி ஆயத்தில் "ஹுவல் அப்தர்" என்று சேர்த்து ஓத வேண்டும். சொல்லாகத் தொட்டால் "ஹுவ" தனியாக வருகிறது, "அல் அப்தர்" தனியாக வருகிறது. பிள்ளை கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டு "ஹுவ, அல் அப்தர்" என்று நடுவில் ஒரு வெட்டு வெட்டி ஓதுகிறது, அதை நேராக்க மனனத்தைவிட அதிக நேரம் ஆகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு ஆயத் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆயத் நீளமாக இருந்தால் பெரியவர் யாராவது பாதி பாதியாக ஓதிக் காட்டலாம்.

கூட வரும் தமிழ் எழுத்துப் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடலாம். கோபத்தில் சொல்லவில்லை. அதே கவ்ஸரை எடுங்கள், "கவ்ஸர்" என்பதில் வருவது ஸே என்ற அரபி எழுத்து, "ஃபஸல்லி"யில் வருவது ஸாத், தமிழில் இரண்டுக்கும் ஒரே ஸ. "வன்ஹர்" என்பதில் தொண்டையின் நடுவிலிருந்து வரும் ஹா, "ஹுவ"வில் தொண்டையின் அடியிலிருந்து வரும் வேறு ஹா, தமிழில் இரண்டும் ஒன்று. மூன்றே ஆயத் உள்ள சூராவிலேயே இப்படி. பிள்ளை அரபி எழுத்து பழகும் வரை காதால்தான் பிடிக்க வேண்டும், அதற்குத்தானே பேனா.

பேனாவில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இத்தனையாவது ஆயத்திலிருந்து இத்தனையாவது ஆயத் வரை என்று குறித்துத் திரும்பத் திரும்ப ஓத வைக்கும் வசதி. பிள்ளைகள் ஆயத்துக்குள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை, ஒரு ஆயத் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். அதனால் ஒற்றை ஆயத்தை ஓட விடுவதைவிட ஒன்றும் இரண்டும், அப்புறம் இரண்டும் மூன்றும் என்று இணைத்து ஓட விட்டால் ஒட்டு விழுகிறது. காஃபிரூனுக்கு இது இல்லாமல் முடியாது. அதில் மூன்றாவது ஆயத்தும் ஐந்தாவது ஆயத்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே, "வலா அன்தும் ஆபிதூன மா அஃபுத்". மூன்றாவதை ஓதிவிட்டு நேராக "லகும் தீனுகும்" என்று முடித்துவிடும் பிள்ளையும் உண்டு, ஐந்தாவதிலிருந்து மறுபடி நாலாவதுக்குப் போய் சுற்றிக்கொண்டே இருக்கும் பிள்ளையும் உண்டு. நாங்கள் மூன்று-நான்கை ஒரு ஜோடியாகவும் ஐந்து-ஆறை இன்னொரு ஜோடியாகவும் வைத்துத் தனித்தனியாக ஓட விட்டோம். குழப்பம் தீர்ந்தது.

தமிழ் மொழிபெயர்ப்பு ஒலியும் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சரி, குழந்தைக்கு அந்த நடை புரியாது. அப்ரஹாவின் யானைப் படை கஅபாவை இடிக்க வந்ததையும், பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து கற்களை எறிந்ததையும் நீங்களே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். கதை தெரிந்த பிள்ளைக்கு ஃபீல் சூராவில் பறவைக்குப் பிறகு கல், கல்லுக்குப் பிறகு மென்று போட்ட வைக்கோல் என்று வரிசை மறக்காது. மேலும் முதல் நாலு ஆயத்தும் ஃபீல், தழ்லீல், அபாபீல், ஸிஜ்ஜீல் என்று ஒரே ஓசையில் முடிந்து கடைசி மட்டும் "மஃகூல்" என்று மாறுவதால் அந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திக் காட்டினால் நல்லது.

மனனமான பிறகு பேனாவை எடுத்து வைத்துவிட்டு நீங்கள் கேளுங்கள். முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) திறந்து வைத்து, பிள்ளை நிறுத்தினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் விட்டு. தொழுகையில் அந்தச் சூராவை ஓதச் சொல்லுங்கள். கட்டிய ஒட்டகம் கயிற்றிலிருந்து நழுவுவதைவிட வேகமாகக் குர்ஆன் நெஞ்சிலிருந்து நழுவும் என்று ஹதீஸ் இருக்கிறது, பேனாவில் எத்தனை முறை ஓடினாலும் நாக்கால் ஓதாதது தங்காது. எழுத்தின் மக்ரஜ் (ஒலி பிறக்கும் இடம்) பிழையை மட்டும் உஸ்தாதிடமோ மார்க்கம் படித்த பெண்ணான ஆலிமாவிடமோ காட்டித் திருத்துங்கள்.

சில்லறைக் குறைகள்: பக்கத்தில் கறை பட்டாலோ கிறுக்கினாலோ பேனா அந்த இடத்தில் திணறுகிறது. பேனாவைக் கீழே போடாத பிள்ளை யாருக்கு வாய்த்திருக்கிறது, அதனால் உறையோடு வருவதாகப் பார்த்து எடுங்கள். வாங்கும் முன் கையில் பிடித்து மூன்றைச் சோதியுங்கள், ஹுஸரி இருக்கிறாரா, ஆயத் வரம்பு குறித்துத் திரும்ப ஓதுகிறதா, சொல் வசதியை அணைக்க முடிகிறதா. பேனா மட்டும் தனியாகக் கிடைத்தால் எடுக்க வேண்டாம், அதற்கென்று அச்சிட்ட குர்ஆன் இல்லாமல் வீட்டில் இருக்கும் முஸ்ஹஃபில் அது ஒரு எழுத்தையும் படிக்காது.