‘வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம்’ என்று விற்கும் ரெயில் கவர்: வெட்டும் முன் அளந்து பாருங்கள்

ரைஃபிளின் குழலைச் சுற்றிக் கையால் பிடிக்கும் பகுதியான ஹேண்ட்கார்டில், துணைக்கருவிகள் மாட்டுவதற்கான பள்ளம் வெட்டிய பட்டைதான் ரெயில். அதில் மாட்டும் ஏணி வடிவ ரப்பர் கவர் ஒரு செட், ‘எந்த ரெயிலுக்கும் பொருந்தும், வெட்டிக்கொள்ளலாம்’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியது. வெட்டிய பிறகு நிற்கவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, ‘வெட்டிய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. வெட்டுவதற்கென்றே விற்றுவிட்டு, வெட்டியதையே காரணம் காட்டிப் பணத்தைத் தர மறுப்பது ஏமாற்று வேலை.

கோளாறு கவரின் இடைவெளியில் இருக்கிறது. பிக்காட்டினி ரெயிலில், அதாவது 1995இல் வந்த மில்-எஸ்டிடி-1913 என்ற அமெரிக்க ராணுவ அளவுப்படி, ஒரு ஸ்லாட்டின் (குறுக்குப் பள்ளத்தின்) நடுவிலிருந்து அடுத்த ஸ்லாட்டின் நடுவுக்கு 10.01 மி.மீ. ஸ்லாட்டின் அகலம் 5.23 மி.மீ. ஸ்லாட்டுகளில் உட்காரும் கவரின் குறுக்குப் பட்டைகளும் அதே கணக்கில் அமைய வேண்டும். இந்தக் கவரில் 9.7 மி.மீ.தான். நாலு ஸ்லாட்டில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 1 மி.மீ.கூட வராது, ரப்பர் இழுபட்டு, கச்சிதமாக உட்கார்ந்ததுபோலவே தெரியும். 18 ஸ்லாட்டுக்கு வரும்போது 5 மி.மீ.யைத் தாண்டிவிடும். இழுத்துப் பிடித்து மாட்டி, அந்த நிலையிலேயே குறி போட்டு வெட்டினால், கையை எடுத்ததும் சுருங்கும். கடைசிப் பட்டை ஸ்லாட்டின் சுவரில் ஏறி வெளியே வந்துவிடும். பசை போட்டு ஒட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள்; இழுவிசை அப்படியேதான் இருக்கும்.

எனவே பார்சல் வந்ததும் கவரை இழுக்காமல் மேசைமேல் போட்டு, முதல் பட்டையின் இடது விளிம்பிலிருந்து பதினோராவது பட்டையின் இடது விளிம்புவரை வெர்னியர் காலிப்பரால் அளவெடுங்கள். 100.1 மி.மீ. வர வேண்டும். ரப்பர் என்பதால் அரை மி.மீ. முன்பின் இருந்தால் பரவாயில்லை. 97, 98 என்று காட்டினால் பிளேடைத் தொடாமல், காலிப்பர் வைத்த நிலையிலேயே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

கெட்டிப் பிளாஸ்டிக் பேனலில் வேறு விதமான ஏமாற்று. கடைப் படத்தில் மேல்பக்கம் மட்டும்தான் இருக்கும். திருப்பிப் பார்த்தால், ஸ்லாட்டில் விழுந்து பூட்டும் எஃகு கிளிப் ஒரே முனையில் இருக்கும். அந்த முனையை வெட்டினால் பேனல் சுடும் அதிர்வில் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கிளிப் இல்லாத முனையில் மட்டும் வெட்டுங்கள்.

பிக்காட்டினிக்கு முந்தைய வகையான வீவர் ரெயில் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அதன் ஸ்லாட் 4.57 மி.மீ.; இடைவெளியும் ஒரே சீராக இருக்காது.

அளவு சரியாக இருந்தால் வெட்டும் முறை இதுதான். மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, இழுக்காமல் மாட்டிப் பார்த்துக் குறி போடுங்கள். வெட்டும்போது கவர் ரெயிலில் இருக்கக் கூடாது. பிளேடு ரெயிலின் அனோடைஸ் பூச்சைக் (அலுமினியத்தின் மேல் உள்ள காப்புப் படலத்தை) கீறினால் அலுமினியம் பல்லிளிக்கும். மரப்பலகைமேல் வைத்து, புது பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். வெட்டு, கடைசிப் பட்டையை ஒட்டி வெளியே 1 மி.மீ. விட்டு விழ வேண்டும். இரண்டு பட்டைகளுக்கு நடுவில் வெட்டினால் பக்கக் கால்கள் இரண்டும் தனியாகத் துருத்திக்கொண்டு, ஸ்லிங்கில் (தோள் வாரில்) மாட்டிக் கவரையே உரித்துவிடும். முதலில் ஒரு பட்டை கூடுதலாகவே விடுங்கள்; பிறகு குறைத்துக்கொள்ளலாம். கெட்டிப் பேனலுக்கு அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடு, பிசிறு எடுக்க 220, அடுத்து 400 நம்பர் உப்புத்தாள். வேகமாகச் சுழலும் கட்டர் பிளாஸ்டிக்கை உருக்கி விளிம்பில் கட்டியாக்கிவிடும்.

குழலிலிருந்து சூடான வாயுவை எடுக்கும் பாகமான கேஸ் பிளாக் பக்கம் வரும் முனையில் சூடு அதிகம். பிவிசி 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். ‘சூடு தாங்கும்’ என்று மட்டும் எழுதி எந்தப் பொருளால் ஆனது என்று சொல்லாத கவரை அந்த இடத்தில் மாட்டாதீர்கள்.