இரண்டு ஆன், இரண்டு டைரி: எங்கள் வாசிப்பு வட்டம் எதை எடுத்தது, ஏன்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒன்பது பேர். வருடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டு ஒரே புத்தகத்தை இரண்டு மாதம் நிதானமாகப் படிப்போம். இந்த வருட நிபந்தனை, ஒரே முதற்பெயர் கொண்ட பெண்கள் எழுதியதாகவோ அவர்களைப் பற்றியதாகவோ இருக்கவேண்டும் என்பது. பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம், "ஆன்" வந்தது. அங்கிருந்து எந்த ஆன் என்று முடிவாகவே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. முடிவில் என் பங்கு பெரியது என்பதால் அந்த விவாதத்தை இங்கே எழுதிவைக்கிறேன். நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

சிலரைச் சீக்கிரமே தள்ளிவிட்டோம். ஆன் செக்ஸ்டன், ஆன் கார்சன் இருவரும் கவிஞர்கள். மொழிபெயர்த்துக்கொண்டே பேசினால் கவிதை கையில் நிற்காது என்று விட்டோம். 1908ல் வந்த கனடா நாவலின் ஆன் ஷெர்லி, தன் பெயரின் கடைசியில் "ஈ" என்ற எழுத்து இருந்தே தீரவேண்டும் என்று அடம்பிடிப்பாளே, அவள் எல்லோருக்கும் பிடித்தவள்தான், ஆனால் எங்களில் பாதிப்பேர் ஏற்கெனவே படித்தாகிவிட்டது. மிஞ்சியது இரண்டு பேர். ஆன் ஃபிராங்க், ஆன் பிராண்ட்டி. (பெயர்கூட எழுத்தில்தான் ஒன்று. ஜெர்மனியில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வளர்ந்த ஆனெலீஸ் மரீ ஃபிராங்கை வீட்டில் "ஆனெ" என்று இரண்டு அசையாகத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.)

ஆன் ஃபிராங்கின் டைரியைப் பற்றி நிறையச் சொல்லவேண்டியதில்லை. 1942 ஜூன் 12ல் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த சிவப்பும் வெள்ளையுமான கட்டம்போட்ட நோட்டு, ஜூலை 6ல் தொடங்கிய தலைமறைவு, ஆம்ஸ்டர்டாமின் பிரின்சன்கிராக்ட் தெரு 263ஆம் எண் கட்டடத்தின் பின்கட்டில் எட்டுப் பேர், 1944 ஆகஸ்ட் 4ல் கைது, 1945ன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் மரணம். தமிழிலும் கிடைக்கிறது, பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வட்டத்தில் ஐந்து பேர் இதைத்தான் கேட்டார்கள். நியாயமான ஆசை.

நான் கேட்டது ஆன் பிராண்ட்டியின் இரண்டாவது நாவல், "தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்". 1848 ஜூனில் ஆக்டன் பெல் என்ற புனைபெயரில் வந்தது. சார்லட், எமிலி என்ற இரண்டு அக்காக்களின் நிழலில் இந்தக் கடைசித் தங்கை மறைந்தே போய்விட்டாள் என்ற வருத்தம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அவள் எழுதியது வீட்டுக்குள் உட்கார்ந்து கற்பனை செய்ததல்ல. பத்தொன்பது வயதிலேயே பிளேக் ஹால் என்ற வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலைக்குப் போனாள், பிறகு யார்க் நகருக்குப் பக்கத்தில் தார்ப் கிரீன் என்ற இடத்தில் 1840 முதல் 1845 வரை ஐந்து வருடம். அண்ணன் பிரான்வெல் குடியில் கரைந்துபோனதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அதனால்தான் இந்த நாவலில் வரும் குடிகாரக் கணவன் ஹன்டிங்டன் நம் தெருவில் பார்த்த ஆள் மாதிரியே இருக்கிறான்.

கதை இவ்வளவுதான். ஹெலன் என்ற பெண் சின்ன மகனோடு ஒரு பாழடைந்த வீட்டுக்கு வந்து, தாயின் பிறந்தவீட்டுப் பெயரை வைத்துக்கொண்டு, படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாள். வரைந்த இடத்தின் பெயரைக்கூடப் படத்தில் மாற்றி எழுதுகிறாள், கணவன் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. நமக்குக் கதை சொல்கிறவன், பின்னாளில் அவளை மணக்கும் கில்பர்ட். கதை நடக்கும் 1820களில் கணவனை விட்டு வந்த தாய்க்குப் பிள்ளை மேல் உரிமை கிடையாது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டு நீதிமன்றம் போக வழிவிட்ட சட்டம் 1839ல்தான் வந்தது. மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம் என்று சட்டம் சொன்னது 1870ல். அப்படியென்றால் ஹெலன் விற்ற ஒவ்வொரு படத்தின் காசும் சட்டப்படி அந்தக் குடிகாரனுடையது! இதைச் சொன்னதும் வட்டத்தில் இரண்டு பேர் என் பக்கம் வந்துவிட்டார்கள்.

ஆனாலும் முடிவைத் தீர்மானித்தது கதை கிடையாது. நாம் வாங்குகிற பிரதியில் என்ன இருக்கிறது என்கிற விஷயம்தான். புத்தகத்தை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

இரண்டு ஆன்களும் செத்தபிறகு, அவர்கள் எழுதியதை வேறு கைகள் திருத்தின. அதுவும் சொந்த வீட்டார் சம்பந்தப்பட்டே.

ஆன் பிராண்ட்டி 1849 மே 28ல் ஸ்கார்பரோவில் காசநோயால் இறந்தபோது வயது 29. கல்லறைக் கல்லில் 28 என்று தப்பாகப் பொறித்துவிட்டார்கள், அது வேறு. அடுத்த வருடம் பதிப்பாளர்கள் தங்கைகளின் நாவல்களை மறுபடி போட வந்தபோது, இந்த நாவல் பாதுகாத்து வைக்கத் தக்கதாகத் தோன்றவில்லை, கதைப்பொருளே பிசகு என்ற கருத்தில் சார்லட் கடிதம் எழுதினார். எமிலியின் நாவலும் ஆனின் முதல் நாவலும் 1850 டிசம்பரில் வந்தன, இது வரவில்லை. பிறகு 1854ல் ஹாட்ஜ்சன் என்ற பதிப்பாளர் மலிவு விலையில் ஒரே பாகமாகப் போட்டபோது இடம் மிச்சம் பிடிக்க ஆங்காங்கே வெட்டினார். வருத்தம் என்னவென்றால், பிறகு வந்த எத்தனையோ பதிப்புகள் அந்த வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்தே அச்சாயின. முழுப் பாடத்தை ஒழுங்காகச் சரிபார்த்துப் போட்ட கிளாரண்டன் பதிப்பு 1992ல்தான் வந்தது.

இது ஏதோ ஆராய்ச்சியாளர் விவகாரம் என்று நானும் நினைத்திருந்தேன், எங்கள் மேஜை மேலேயே நடக்கும்வரை. முதல் கூட்டத்தில் ஒருவர் "இந்த ஹால்ஃபோர்டிடம் கில்பர்ட் ஏன் இவ்வளவு கடன் பேசுகிறான்?" என்று கேட்டார். எதிரில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு "என் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லையே" என்றார். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தோம். ஒன்று, ஜே. ஹால்ஃபோர்டுக்கு எழுதிய கடிதமாகத் தொடங்குகிறது. இன்னொன்று, இணையக் கடையில் குறைந்த விலைக்கு வாங்கிய மறுபதிப்பு, நேராக "1827 இலையுதிர் காலத்துக்கு நீ என்னோடு திரும்பி வரவேண்டும்" என்ற வரியில் தொடங்குகிறது. அந்த "நீ" யார்? கடிதம் இல்லாவிட்டால் அது வாசகராகிய நாம்தான் என்று நினைத்துக்கொள்வோம். கடிதம் இருந்தால், அது கில்பர்ட்டின் தங்கையைக் கட்டிய மைத்துனன்.

இந்த வித்தியாசம் சின்னதில்லை. அந்த விட்டுப்போன கடிதத்தில் கில்பர்ட் சொல்வது என்ன? நீ உன் அந்தரங்கக் கதையைச் சொன்னாய், நான் பதிலுக்குச் சொல்லவில்லை, உனக்கு மனத்தாங்கல் வந்துவிட்டது, இன்று நல்ல மழை, வீட்டில் யாரும் இல்லை, பழைய கடிதங்களைக் குடைந்துகொண்டிருக்கிறேன், இப்போது அந்தக் கடனை அடைக்கிறேன், நான் தரும் நாணயம் பிடித்திருந்தால் சொல், மீதியையும் அனுப்புகிறேன் என்கிறான். அந்த நாணயம் என்ன? நாவலின் நடுவே பதினாறாம் அத்தியாயத்திலிருந்து நாற்பத்து நான்காம் அத்தியாயம்வரை ஓடுகிற ஹெலனின் டைரி! ஒரு பெண் தன் அடிமனத்து வேதனையை எழுதிவைத்த பக்கங்களை அவளுடைய இரண்டாவது கணவன் மைத்துனனுக்கு நட்புக் கடனாக அனுப்புகிறான். அதை ஆன் பிராண்ட்டி முதல் பக்கத்திலேயே காட்டிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார். கடிதத்தை வெட்டினால் இந்தக் குத்தலே போய்விடுகிறது, கில்பர்ட் வெறும் நல்ல மனிதனாகிவிடுகிறான்.

அந்த டைரிக்கு நாவலில் நடப்பதையும் பாருங்கள். முதல் கணவன் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் படிக்கிறான், அவள் ஓடிப்போகத் திட்டமிடுவது தெரிகிறது, தூரிகை, வண்ணம், வர்ணத்தட்டு எல்லாவற்றையும் வீட்டுக் கணப்பில் போட்டுக் கொளுத்துகிறான், டர்பன்டைன் எண்ணெய் சேர்ந்து தீ புகைபோக்கிவரை எழுகிறது. பல மாதம் கழித்து அவளே அந்த டைரியைக் கில்பர்ட்டுக்குக் கொடுக்கும்போது, கடைசிச் சில தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு மீதியை அவன் கையில் திணிக்கிறாள். எதைக் காட்டவேண்டும், எதைக் காட்டக்கூடாது என்று அவளே முடிவுசெய்கிற ஒரே இடம் அது. அந்த வரியைப் படித்த நிமிடம் எனக்கு இன்னொரு ஆன்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

ஏனென்றால் ஆன் ஃபிராங்கும் தன் டைரியைத் தானே வெட்டினாள். 1944 மார்ச் 28ல் லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில் அமைச்சர் போல்கஸ்டைன், போர் முடிந்ததும் மக்களின் டைரிகளும் கடிதங்களும் சேகரிக்கப்படவேண்டும் என்று பேசியதைக் கேட்டாள். மே 20ல் தொடங்கி, எழுதியதையெல்லாம் ஒரு புத்தகமாக்கும் எண்ணத்தோடு தனித்தாள்களில் திருத்தி எழுதினாள், 200க்கும் மேற்பட்ட தாள்கள். கூடவே ஒளிந்திருந்த பையன் பீட்டர் மேல் வந்த ஆசையைப் பற்றிய பலவற்றை அதில் விட்டுவிட்டாள். கைதானபோது அந்தத் திருத்தம் 1944 மார்ச் 29 வரைக்கும்தான் வந்திருந்தது. முதலில் எழுதிய நோட்டுகளில் 1943ஆம் வருடம் ஏறக்குறைய முழுக்கத் தொலைந்துவிட்டதால், அந்தக் காலத்துக்கு அவள் திருத்திய வடிவம் மட்டும்தான் மிச்சம். தந்தை ஓட்டோ இரண்டையும் கலந்து, அம்மாவைப் பற்றிய கடுமையான வரிகளில் சிலவற்றையும் உடல் பற்றிய சிலவற்றையும் விலக்கி 1947ல் வெளியிட்டார். 1991ல் மிரியம் பிரஸ்லர் ஏறக்குறைய முப்பது சதவீதம் கூடுதலாகச் சேர்த்த பதிப்பு வந்தது. இன்று கடையில் கிடைக்கும் ஆங்கிலப் பிரதிகளில் ஒன்று 1952 மொழிபெயர்ப்பு, இன்னொன்று 1995ல் வந்தது. அட்டையைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக்கூடாது.

சரி, கூடுதல் பக்கம் உள்ளதை வாங்கினால் போதுமே என்று தோன்றும். பிராண்ட்டிக்கு அது சரி: முழுப் பிரதி என்றால் அவர் முடித்துக்கொடுத்த பிரதி, அதில் குழப்பமே இல்லை. ஃபிராங்குக்கு அப்படிச் சொல்லமுடியவில்லை. கூடுதல் பதிப்பில் திரும்பி வந்த சில பகுதிகள், அவளே வெளியில் போகவேண்டாம் என்று எடுத்துவிட்டவை. எது "உண்மையான" டைரி என்று கேட்டால், அவள் முடிக்கவில்லை, முடிக்க விடவில்லை என்பதுதான் பதில். ஒன்பது பேர் ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பேச எனக்கு முடிக்கப்பட்ட நூல் வேண்டியிருந்தது. அதனால்தான் பிராண்ட்டி என்று பிடிவாதமாக நின்றேன். இதில் நான் உறுதியாகப் பேச முடிகிற பகுதி பிராண்ட்டிதான். டச்சு எனக்குத் தெரியாது, ஃபிராங்கை ஆங்கிலத்தில் மட்டும் படித்தவள் நான், அதன் மொழிநடையைப் பற்றி என் தீர்ப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"பற்றிய" நூல்கள் என்று பார்த்தால் ஃபிராங்க் பக்கம்தான் கனம் கூட. தலைமறைவில் இருந்தவர்களுக்குச் சோறு சுமந்த மீப் கீஸ் 1987ல் எழுதிய நினைவுநூலை யாரும் விடக்கூடாது. கைது நடந்த அன்று தரையில் சிதறிக்கிடந்த தாள்களை அவரும் பெப் வாஸ்கெய்லும் பொறுக்கினார்கள், மீப் படிக்காமலே மேஜை இழுப்பறையில் வைத்தார், படித்திருந்தால் அதில் உதவியவர்களின் பெயர்கள் இருந்ததற்காக எரித்திருக்கவேண்டி வந்திருக்கும் என்று பின்னாளில் சொன்னார். ஆன் பிராண்ட்டி பற்றி சமந்தா எல்லிஸ் 2017ல் எழுதிய "டேக் கரேஜ்" பாதி வாழ்க்கை வரலாறு, பாதி சொந்தக் கதை. எனக்குப் பிடித்தது, வட்டத்தில் இரண்டு பேருக்கு அந்தச் சொந்தக் கதைப் பகுதி இடைஞ்சலாக இருந்தது. தலைப்பு, ஆன் சாகும்போது சார்லட்டிடம் சொன்ன கடைசி வார்த்தை, தைரியமாக இரு.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் யோசிக்காமல் ஃபிராங்கை வாங்குங்கள், என் அக்கா மகளுக்கு நானும் அதைத்தான் கொடுத்தேன். கல்யாணமான பெண்கள் நாலுபேர் கூடிப் படிக்கிறீர்கள் என்றால் பிராண்ட்டி. மகனுக்குக் குடிமேல் வெறுப்பு வரட்டும் என்று ஹெலன் மதுவில் வாந்திமருந்து கலந்து கொடுக்கும் இடத்தில் எங்கள் கூட்டம் ஒரு மணி நேரம் நின்றது, இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாங்கும்முன் முதல் பக்கத்தைத் திறந்து ஹால்ஃபோர்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாம் பதிப்புக்கு ஆக்டன் பெல் எழுதிய முன்னுரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நாவல்கள் ஆணும் பெண்ணும் படிக்கவே எழுதப்படவேண்டும் என்று அவர் வாதாடுவது அதில்தான்.

கடிதம் இல்லாத பிரதி வைத்திருந்தவர் அதைத் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த ஞாயிறு வந்தபோது கடிதம் முழுவதையும் நீல மையில் கையால் எழுதி, மூன்று தாள், முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.