மூட்டுவலிப் பொடிக்கு 18,500 ரூபா கட்டி ஏமாந்தேன்

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது, மட்டக்களப்பு கல்லடியில் என்னோடுதான் இருக்கிறா. முழங்கால் வலி, கூடவே சீனி வருத்தம். போன மாதம் முகநூலில் ஒரு மூலிகைப் பொடி விளம்பரம் பார்த்து நம்பருக்கு எடுத்தேன். பேசிய பெண் நம்ம பக்கத்துப் பேச்சு. "மறுகா சொல்லுங்க, அம்மா படி ஏறுவாவா? இரவில நித்திரை கொள்ளுவாவா?" என்று கால் மணி நேரம் விசாரித்தா. அங்கேதான் விழுந்தேன். தன் அம்மம்மாவும் இதைத்தான் குடிக்கிறாவாம். மூன்று பெட்டி, 18,500 ரூபா, காசு கூரியர்காரரிடம்.

நான்கு நாளில் வலி பறந்தது. அம்மா சந்தைக்கே நடந்து போய் வந்தா. நானும் இரண்டு பேருக்கு நம்பர் கொடுத்தேன், அந்த வெட்கம் தனி. மூன்றாம் கிழமை முகம் ஊதியது, கால் வீங்கியது, சீனி 342. டொக்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்தவர் முகவரி இல்லை, பதிவு இலக்கம் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. '100% மூலிகை' மட்டும் பெரிதாக. வலியைச் சட்டென்று நிறுத்தும் இப்படியான பொடிகளில் ஸ்டீரொய்ட் கலப்பதுண்டாம். சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் முகம் ஊதுவதையும் சீனி ஏறுவதையும் பார்த்தால் சந்தேகம்தான் என்றார்.

திரும்ப எடுத்தேன். "நஞ்சு வெளியேறுது, நிப்பாட்டாதீங்க." அடுத்த நாள் மனேஜர் என்று ஒருவர்: "சீனி ஏற நீங்க என்ன சாப்பாடு குடுத்தீங்க?" பில் கேட்டேன், கூரியர் துண்டுதான் பில்லாம். அப்புறம் என் நம்பரையே பிளொக் பண்ணிவிட்டார்கள். 18,500! என் அரை மாதச் சம்பளம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. ஆயுர்வேதத் திணைக்களப் பதிவு இலக்கம் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். எதைக் குடித்தாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். பாகற்காய்ச் சாறுகூட சீனிக் குளிசையோடு சேர்ந்தால் சீனியை அளவுக்கு மீறி இறக்கலாம். இப்படிப் பொடியை வாரக்கணக்கில் குடித்தவர்கள் தாங்களாக நிறுத்தாமல் உடனே டொக்டரிடம் காட்டுங்கள், ஸ்டீரொய்ட் என்றால் திடீரென விடுவதும் ஆபத்து. முறைப்பாடு சொல்ல நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைத் தொலைபேசி இலக்கம் 1977.

நேற்றிரவும் அதே விளம்பரம் வந்தது. மூன்று பெட்டி இப்போது 15,900 ஆம்.