காலடிப்பேட்டையிலிருந்து ஏழு கிலோ: தைத்து வாங்கிய பையோடு மூன்றரை வருடம்

ஆய்வகத் தராசுகளைச் சரிபார்ப்பது என் வேலை. மாதத்துக்கு இரண்டு பயணம் இருக்கும், ஒவ்வொன்றும் மூன்று நான்கு நாள். ஐதராபாத், புனே, கொல்கத்தா என்றால் விமானம், கோயம்புத்தூர் என்றால் ராத்திரி ரயில். எடைக்கற்கள் கூரியரில் முன்னாலேயே போய்விடும். நான் தூக்க வேண்டியது என் சாமான் மட்டும்தான். 2022 ஜூனில் சென்னை மண்ணடியில் பை தைக்கும் பாயிடம் ஒரு முதுகுப்பை தைத்து வாங்கினேன். துணி, ஜிப், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். அதற்குப் பிறகு வேறு பையை எடுக்கவே இல்லை.

சக்கரப் பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் எங்கள் தெருதான். இரண்டாவது மாடியிலிருந்து படி இறங்கி, பள்ளம் தோண்டிப் போட்ட நடைபாதையில் நடக்க வேண்டும். அங்கே சக்கரம் உருளாது, பெட்டியைக் கையில்தான் தூக்க வேண்டும். சக்கரமும் இழுக்கிற கம்பியும் உள்ள பெட்டி காலியாகவே இரண்டரை கிலோ வந்துவிடும். விமானத்தில் கைப்பைக்கு உள்ள ஏழு கிலோ அனுமதியில் மூன்றில் ஒரு பங்கு பெட்டிக்கே போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து காலடிப்பேட்டையில் ஏறினால் மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம். நடை குறைந்துவிட்டது. ஆனால் பை தோளில் இருந்தால்தான் அந்த வசதி முழுசாகக் கிடைக்கிறது.

அளவை முடிவு செய்யத்தான் அதிகம் யோசித்தேன். இண்டிகோவில் கைப்பை அளவு 55 × 35 × 25 செ.மீ., ஏர் இந்தியாவில் 55 × 40 × 20. இரண்டிலும் மாட்டாமல் போக வேண்டுமென்றால் அகலம் 35க்குள், தடிமன் 20க்குள் இருக்க வேண்டும். அதனால் 50 × 34 × 20 என்று வைத்தேன், 34 லிட்டர் கொள்ளளவு. தடிமன் 20 என்பதில் இன்னொரு லாபமும் உண்டு. டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் ஹை ரோடு) ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டாலும் பக்கத்தில் இருப்பவரை இடிக்காது.

உண்மையில் இது பாய் எனக்குத் தைத்த இரண்டாவது பை. முதலாவதில் பதினொரு உள்பை கேட்டேன். பேனாவுக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று. ஒவ்வொரு உள்பைக்கும் துணி, ஜிப், பைப்பிங் என்று சேர்ந்து காலிப் பை 1,620 கிராம் நின்றது. வேலையிடத்துத் தராசில் வைத்துப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. அதோடு எது எந்த உள்பையில் இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போனது. இரண்டாவதில் மூன்றே உள்பை. பெட்டி போல மூன்று பக்கமும் திறக்கிற மாதிரி ஜிப், உள்ளே மஞ்சள் நிறப் பாராசூட் துணி. கறுப்பு உள்துணியில் கறுப்புச் சார்ஜர் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளில் பளிச்சென்று தெரியும். எடை 1,040 கிராம். இடுப்புப் பட்டையும் வேண்டாம் என்றேன். ஏழு கிலோவைத் தோள் தாங்கும். மடிக்கணினி முதுகை ஒட்டி உட்காருகிறது. பல கடைப் பைகளில் அது முன்பக்கம் போய்விடுவதால் பை பின்னால் இழுக்கும், தோள் வலிக்கும்.

பக்கவாட்டில் ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னேன். இந்தப் பையில் மிகச் சிறந்த விஷயம் அதுதான். சீட்டுக்கு அடியிலிருந்து இழுக்கவும், மேல் அலமாரியிலிருந்து இறக்கவும் தினமும் கை அங்கேதான் போகிறது.

இனி குறைகள். பதினான்காவது மாதம் வலது தோள்பட்டை அடியில் பிய்ந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். "நாடா பிய்யலமா, துணிதான் பிரிஞ்சிருக்கு. ஒரே எடத்துல நெருக்கி நெருக்கித் தெச்சா ஊசி ஓட்டையே கிழிசலாயிடும். நான்தான் அப்டித் தெச்சுட்டேன்" என்றார் பாய். அப்புறம் முக்கோணத் துணி ஒன்று வெட்டி, நாடாவை அதில் தைத்து, அந்த முக்கோணத்தைப் பக்கத் தையலுக்குள் விட்டு மூடினார். இப்போது பாரம் ஒரு புள்ளியில் விழாமல் தையல் முழுக்கப் பரவுகிறது. இடது பக்கத்தையும் அதே மாதிரி மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நீங்கள் எங்கே பை வாங்கினாலும் தோள்பட்டையின் அடி முனை எப்படி உள்ளே போகிறது என்று முதலில் பாருங்கள்.

கடல் காற்றுதான் அடுத்த எதிரி. வீட்டிலிருந்து கடல் பக்கம். ஜிப் ரன்னர் ஒரே வருடத்தில் வெள்ளை பூத்து இறுகிவிட்டது. இப்போது பித்தளை ரன்னர். ஊருக்குப் போய் வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியால் இரண்டு இழுப்பு இழுத்துவிடுகிறேன். இரண்டு வருடம் ஆனபோது துணியின் உள்பக்கப் பூச்சு பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரிந்தது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பாலியூரிதேன் பூச்சு அப்படிச் சிதையும். மழையில் நனைந்த பையை அப்படியே மடித்துப் பரணில் போட்டு வைத்தது என் தவறு. ஜிப்பைத் திறந்து, காற்றோட்டமாக மாட்டி வையுங்கள்.

பையின் அடியில் ஒரு கறை இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் வந்ததே, அப்போது எர்ணாவூரில் அத்தை வீட்டில் பட்டது. அத்தையின் மாத்திரை, ஆதார், பத்திரம், இரண்டு செட் துணி எல்லாவற்றையும் அந்தப் பையில் பத்து நிமிடத்தில் அடுக்கி மாடிக்கு ஏற்றினோம். மாதம் இருமுறை அடுக்கிய பழக்கம் இல்லாவிட்டால் எதை எடுப்பது என்று தெரியாமல் திணறியிருப்போம். எத்தனை முறை தேய்த்தும் கறை போகவில்லை.

அடுக்குவதைப் பற்றி. நான்கு நாளுக்கு உடுத்தியது போக இரண்டு குர்தா, ஒரு பேன்ட், நைட்டி, உள்ளாடை, துப்பட்டா, ஈரோட்டுத் துண்டு, எல்லாம் 1,320 கிராம். பூந்துவாலை ஒன்றே 450 கிராம், விடிய விடியக் காயாது. ஈரோட்டுத் துண்டு 120 கிராம், ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும். ஜீன்ஸ் 600 கிராம், அதனால் ஜீன்ஸ் எடுப்பதில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் விதிப்படி தப்பில்லை. அது 74 வாட்-ஹவர்தான், 100 வரை அனுமதி, கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும். ஆனாலும் பாதி எடையுள்ள 10,000க்கு மாறிவிட்டேன். செருப்பு, குடை, நோட்டு, மடிக்கணினி எல்லாம் சேர்த்துப் புறப்படும்போது 5.6 கிலோ. மிச்சம் இருக்கும் 1.4 கிலோ, திரும்பி வரும்போது ஐதராபாத் உஸ்மானியா பிஸ்கட்டுக்கு.

துணிகளைப் பிரித்து வைக்கக் கொசுவலைத் துணியில் மூன்று சின்னப் பை தைத்துக் கொடுத்தார் பாய், ஒவ்வொன்றும் 25 கிராம். உள்ளே இருப்பது தெரிகிறது, ஆனால் ஜிப் ஓரத்தில் வலை சீக்கிரம் கிழிகிறது. ஓரத்தில் மட்டும் நாடா வைத்துத் தைத்தால் போதும். இன்னொன்று, தேங்காய் எண்ணெய். ஜனவரியில் டெல்லியில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. வாயகன்ற டப்பாவில் எடுத்துப் போனால் விரலால் வழித்துக்கொள்ளலாம்.

பையின் அளவுக்குத் துணி வெட்டுகிற அட்டை இன்னும் பாயிடம் இருக்கிறது. அடுத்த மாதம் தங்கைக்கு ஒன்று தைக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் உயரம் குறைவு, அதனால் 46 செ.மீ. போதும். பூச்சு இல்லாத துணி, பித்தளை ரன்னர், உள்பை இரண்டு. பக்கக் கைப்பிடி இரு பக்கமும்.